கால்பேக்கின் உள்ளே "இது யாருடைய அழைப்பு?" என்று கேட்டால் விடை தவறுகிறதா? எஸ்டி-பஸ் சேவைகளுக்கான பழுது பார்க்கும் வழி

எஸ்டி-பஸ் என்பது லினக்ஸ் நிரல்கள் டி-பஸ் என்ற செய்திப் பாதை வழியாகப் பேசிக்கொள்ள உதவும், சிஸ்டம்டி தரும் நூலகம். அதில் எழுதிய ஒரு சேவை, கால்பேக் (செய்தி வந்ததும் நூலகம் அழைக்கும் நம் ஃபங்ஷன்) ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் சூழலைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நான்கு ஃபங்ஷன்கள் உண்டு. எந்தச் செய்திக்காக ஓடுகிறோம் என்பதை கெட்_கரண்ட்_மெசேஜ் சொல்லும். எந்தப் பதிவின் வழியாக அழைக்கப்பட்டோம் என்பதை கெட்_கரண்ட்_ஸ்லாட் சொல்லும். எந்த ஃபங்ஷன் ஓடுகிறது என்பதை கெட்_கரண்ட்_ஹேண்ட்லரும், எந்தத் தரவுச் சுட்டியோடு ஓடுகிறது என்பதை கெட்_கரண்ட்_யூசர்டேட்டாவும் சொல்லும். எல்லாப் பெயர்களுக்கும் முன்னால் எஸ்டி_பஸ் என்ற ஒட்டு உண்டு. கீழே அதை விட்டுவிட்டு வால் பகுதியை மட்டும் எழுதியிருக்கிறது.

இந்த நான்கும் விடை இருந்தால் சுட்டி தரும், இல்லாவிட்டால் எதையும் சுட்டாத வெற்றுச்சுட்டி தரும். பிழை எண் எதுவும் வராது. "ஏன் இல்லை" என்று நூலகம் சொல்லாததால் காரணத்தை நாம்தான் ஒவ்வொன்றாக விலக்கித் தேட வேண்டும். கீழே உள்ள ஒழுங்கு அதற்காகவே: செலவில்லாத சோதனை முதலில், நாள் முழுவதையும் தின்னும் சோதனை கடைசியில்.

உதாரணம் ஒன்றை வைத்துக்கொள்வோம். ஒரு தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) சின்ன லினக்ஸ் பெட்டி ஒன்று ஆறு வாட்டும் தொட்டிகளின் விசிறிகளையும் வெப்பமானிகளையும் பார்த்துக்கொள்கிறது. தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பானவரான டீமேக்கரின் மேசைத்திரை ஒரு பக்கம், கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசுக்கான நிரல் இன்னொரு பக்கம். இரண்டும் சிஸ்டம் பஸ் வழியாக அந்தச் சேவையோடு பேசுகின்றன. இலங்கை மலையகத்தில் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இப்படி ஒன்றைப் பராமரிப்பவர் சந்திக்கக்கூடிய கோளாறுகள்தான் கீழே வருபவை.

எதையும் தொடுவதற்கு முன்

தொட்டியில் கொழுந்து கிடக்கும்போது சேவையை நிறுத்தாதீர்கள். விசிறிகளைப் பலகையில் கையால் இயக்கும் நிலைக்கு மாற்றச் சொல்லி, மாற்றியாயிற்று என்று டீமேக்கர் உறுதிப்படுத்திய பிறகே பிழைத்திருத்தியை இணையுங்கள். பிழைத்திருத்தியான ஜிடிபி ஒரு பிரேக்பாயின்டில் (நிறுத்தப் புள்ளியில்) நின்றால் சேவை முழுவதும் அப்படியே உறைந்து நிற்கும். அந்த நேரத்தில் விசிறிக்குக் கட்டளை போகாது. ஓர் இரவுக் கொழுந்தைவிட எந்தப் பிழையும் பெரிதல்ல.

அடுத்து பதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்: சிஸ்டம்சிடிஎல் --வெர்ஷன். எஸ்டி-பஸ் பொதுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது 2015இல், சிஸ்டம்டி 221ஆம் பதிப்பில். அதற்கு முந்திய பெட்டி இன்று கையில் கிடைப்பது அரிது என்றாலும், தொகுத்த கணினியில் ஒரு பதிப்பும் ஸ்டோர்ப் பெட்டியில் வேறு பதிப்பும் இருப்பது சாதாரணம்.

அறிகுறி: கெட்_கரண்ட்_மெசேஜ் எப்போதுமே வெற்றுச்சுட்டி தருகிறது

முதல் சந்தேகம்: கேட்கும் இடம் கால்பேக்குக்கு வெளியே இருக்கிறது

இதுதான் அடிக்கடி கிடைக்கும் விடை. சூழல் என்பது நூலகம் உங்கள் ஃபங்ஷனை அழைக்கும் கணத்தில் நிரப்பி, அது திரும்பியவுடன் துடைத்துவிடும் ஒரு குறிப்பு. எஸ்டி-ஈவென்ட் டைமர், சீரியல் போர்ட்டைப் படிக்கும் கால்பேக், சிக்னல் கையாளி இவையெல்லாம் ஈவென்ட் லூப்பின் கால்பேக்குகள். பஸ்ஸின் கால்பேக்குகள் அல்ல. தொட்டியின் வெப்பத்தை 10 விநாடிக்கு ஒரு தடவை படிக்கும் டைமருக்குள் நின்று கேட்டால் வெற்றுதான் வரும், வரவும் வேண்டும்.

சோதனை: கேட்கும் வரியில் பிரேக்பாயின்ட் வைத்து, பின்தடத்தை (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற அடுக்கை) எடுங்கள். அடுக்கில் கீழே எங்காவது எஸ்டி_பஸ்_ப்ராசஸ் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நீங்கள் பஸ் கால்பேக்குக்குள் இல்லை. தீர்வு, கேள்வியை இடம் மாற்றுவது. மெதட் கையாளியிலேயே தேவையானதை எடுத்து உங்கள் சொந்த ஸ்ட்ரக்டில் வைத்துக்கொள்ளுங்கள். டைமர் அதைப் பார்க்கட்டும்.

பஸ்ஸில் மற்றவர்கள் மறைவதைக் கவனிக்கும் எஸ்டி_பஸ்_ட்ராக் கையாளி இதில் ஒரு தனி வகை. அது பஸ் சம்பந்தப்பட்டதுதான், ஆனால் அதற்கென்று ஒரு செய்தி கிடையாது. அங்கே செய்தியைக் கேட்பதில் பயனில்லை.

இரண்டாவது சந்தேகம்: வேறு ஒரு பஸ்ஸிடம் கேட்கிறீர்கள்

இணைப்பைத் திறந்தது ஓப்பன்_சிஸ்டம் வழியாக; கேட்பது "இயல்பான சிஸ்டம் பஸ்" என்று பொருள்படும் எஸ்டி_பஸ்_டிஃபால்ட்_சிஸ்டம் என்ற போலிச் சுட்டியைக் கொடுத்து. இரண்டும் வேறு வேறு இணைப்புகள். ஓப்பன் வகை ஒவ்வொரு முறையும் புதிய இணைப்பைத் திறக்கும். டிஃபால்ட் வகை அந்தத் த்ரெட்டுக்கென்று வைத்திருக்கும் ஒன்றையே திருப்பித் தரும். கால்பேக் முதல் இணைப்பில் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் இரண்டாவது இணைப்பிடம் போய் "என்ன ஓடுகிறது" என்று கேட்பீர்கள். அங்கே ஒன்றும் ஓடவில்லை.

சோதனை: பஸ்சிடிஎல் லிஸ்ட் போட்டு உங்கள் சேவையின் செயல்முறை எண்ணைத் தேடுங்கள். அதே எண்ணுக்கு எதிரே :1.37, :1.38 என்று இரண்டு தனிப்பெயர்கள் இருந்தால் இணைப்பு இரண்டு. எது எதுவென்று அறிய, கெட்_யூனிக்_நேம் கொடுத்த பெயரை லாக்கில் எழுதுங்கள்.

தீர்வு: பஸ் சுட்டியைக் கற்பனை செய்யாமல் கையில் உள்ளதிலிருந்து பெறுங்கள். செய்தி இருந்தால் மெசேஜ்_கெட்_பஸ், ஸ்லாட் இருந்தால் ஸ்லாட்_கெட்_பஸ். ப்ராப்பர்ட்டி கெட்டருக்கு (சேவை வெளியே காட்டும் ஒரு மதிப்பைக் கேட்கும்போது ஓடும் ஃபங்ஷனுக்கு) முதல் ஆர்குமென்டாகவே பஸ் வந்துவிடுகிறது, அதையே பயன்படுத்துங்கள்.

மூன்றாவது: வேறு த்ரெட்

தராசு எண் நிலைபெறும்வரை காத்திருக்க ஒரு த்ரெட்டை உருவாக்கி, அதனுள் சூழலைக் கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். டிஃபால்ட் வகையைக் கொடுத்தால் அது அந்தத் த்ரெட்டுக்கென்று திறந்த வேறொரு பஸ்ஸைக் குறிக்கும்; அப்படி ஒன்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை வெற்று. பிரதான த்ரெட்டின் பஸ் சுட்டியையே கொடுத்தால் சில நேரம் விடை வரும், சில நேரம் அடுத்த செய்தி வரும், சில நேரம் சேவையே சரிந்து (க்ராஷ் ஆகி) விழும். முதலாவதைவிட இரண்டாவது மோசம், ஏனென்றால் சோதனை மேசையில் அது வேலை செய்வதுபோலத் தெரியும். ஒரு பஸ் பொருளையும் அதன் செய்திகளையும் ஒரே த்ரெட்தான் தொட வேண்டும். குறிப்பெண்ணை (ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை) கூட்டுவதும் குறைப்பதும்கூட த்ரெட்டுகளுக்கிடையே பாதுகாப்பானதல்ல.

த்ரெட்டுக்கு அனுப்ப வேண்டியது பிரதி எடுத்த தரவு மட்டுமே: தராசு எண், அனுப்பியவர் பெயரின் ஸ்ட்ரிங் பிரதி, உங்கள் சொந்த வரிசை எண். அது முடித்ததும் ஈவென்ட்எஃப்டி அல்லது பைப் வழியாகப் பிரதான லூப்பைத் தட்டி எழுப்பட்டும். பதிலை அங்கிருந்து அனுப்புங்கள்.

செயல்முறையை ஃபோர்க் செய்து, குழந்தையில் நின்று கேட்கும் நிரலும் உண்டு. அங்கே பஸ்ஸின் மற்ற வேலைகள் -ஈசைல்ட் என்று திரும்புவதே அடையாளம். குழந்தைக்குத் தேவையென்றால் புதிய இணைப்பைத் திறக்க வேண்டும்.

அறிகுறி: பெரும்பாலும் சரி, திடீரென்று ப்ராப்பர்ட்டி கெட்டருக்குள் சரிவு

இதற்குக் கொஞ்சம் அதிக இடம் தேவை. மேசையில் மாட்டாமல் ஸ்டோரில் மாட்டும் பிழை இதுதான்.

ப்ராப்பர்ட்டி கெட்டருக்கு நூலகம் தருவது ஏழு ஆர்குமென்டுகள்: பஸ், பாதை, இன்டர்ஃபேஸ், ப்ராப்பர்ட்டி பெயர், நிரப்ப வேண்டிய பதில், தரவுச் சுட்டி, பிழை. கேட்டவரின் செய்தி அதில் இல்லை. ஆகவே "யார் கேட்கிறார்" என்று பார்க்க விரும்புபவர் கெட்_கரண்ட்_மெசேஜை அழைத்து, அதிலிருந்து மெசேஜ்_கெட்_செண்டரை எடுக்கிறார். பஸ்சிடிஎல் கெட்-ப்ராப்பர்ட்டி போட்டுப் பார்த்தால் நூறு முறையும் சரி. டீமேக்கர் திரையைத் திறந்தால் சரி. பிறகு வெப்பம் ஒரு பாகை மாறி, டைமர் எமிட்_ப்ராப்பர்டீஸ்_சேஞ்ட் என்று அறிவிக்கும் கணத்தில் சேவை விழுகிறது.

காரணம்: "மாறிவிட்டது" என்ற சிக்னலில் புதிய மதிப்பையும் சேர்த்து அனுப்புவதற்காக, நூலகம் அதே கெட்டரைத் தானே அழைக்கிறது. டைமரிலிருந்து வரும் அழைப்பு என்பதால் பின்னால் செய்தி கிடையாது. கெட்_கரண்ட்_மெசேஜ் வெற்றுச்சுட்டியைத் தருகிறது. அதைச் சோதிக்காமல் செண்டரைக் கேட்டால் அதுவும் வெற்றாகவே வரும்; அதை ஸ்ட்ரிங் என்று எண்ணி ஒப்பிடும் வரியில் சேவை சரிகிறது.

சோதனை: கோர்டம்ப்சிடிஎல் ஜிடிபி போட்டுக் கடைசிச் சரிவைத் திறந்து பின்தடத்தைப் பாருங்கள். கெட்டருக்குக் கீழே எமிட்_ப்ராப்பர்டீஸ்_சேஞ்ட் தெரிந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். புதிய பொருளையோ இன்டர்ஃபேஸையோ சேர்த்ததாக அறிவிக்கும் அழைப்புகளிலும் இதே வழியில்தான் கெட்டர் ஓடுகிறது. எனவே அந்தப் பெயர்கள் தெரிந்தாலும் விடை இதுவே.

திருத்த மூன்று வழிகள், மலிவிலிருந்து:

வெற்றா என்று சோதித்து, வெற்றாக இருந்தால் எல்லோருக்கும் காட்டக்கூடிய மதிப்பைக் கொடுங்கள். சரிவு நிற்கும். ஆனால் இதோடு விட்டுவிடாதீர்கள்.

விடேபிளில் (சேவையின் மெதட்டுகளையும் ப்ராப்பர்ட்டிகளையும் பட்டியலிடும் அட்டவணையில்) அந்த ப்ராப்பர்ட்டியின் வரியில் எமிட்ஸ்_சேஞ்ச் கொடியை எடுத்துவிட்டு எமிட்ஸ்_இன்வாலிடேஷன் போடுங்கள். சிக்னலில் "மாறிவிட்டது, வேண்டுமானால் கேள்" என்று பெயர் மட்டும் போகும். மதிப்பு போகாது, கெட்டரும் ஓடாது. தேவையானவர் திரும்பக் கேட்பார், அப்போது கேட்டவரின் செய்தி இருக்கும்.

கேட்பவரைப் பொறுத்து மாறும் விடையை ப்ராப்பர்ட்டியிலிருந்து எடுத்து மெதட்டாக மாற்றுங்கள். சரியான வடிவமைப்பு இதுதான். ப்ராப்பர்ட்டி என்பது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டிய மதிப்பு. ஆளுக்கு ஆள் வேறுபடும் ஒன்றை அங்கே வைத்தால் இன்றில்லாவிட்டாலும் நாளை இடிக்கும்.

ஏன் முதல் வழி போதாது? இதே பிழைக்குச் சரியாமல் நடக்கும் இன்னொரு முகம் உண்டு. டீமேக்கரின் திரை "3ஆம் தொட்டி விசிறியை மாற்று" என்று ஒரு மெதட்டை அழைக்கிறது. அதன் கையாளி வேலையை முடித்து, உள்ளிருந்தே எமிட்_ப்ராப்பர்டீஸ்_சேஞ்டை அழைக்கிறது. கெட்டர் ஓடுகிறது, கெட்_கரண்ட்_மெசேஜ் இப்போது வெற்றல்ல. அது டீமேக்கரின் மெதட் செய்தி. கெட்டர் "கேட்பவர் டீமேக்கர், முழு விவரமும் தரலாம்" என்று முடிவு செய்கிறது. அந்த முழு விவரம் சிக்னலில் ஏறி, கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும், மடுவத்து நிரலுக்கும் போய்ச் சேர்கிறது. லாக்கில் ஒரு பிழையும் இராது.

இதைப் பிடிக்க, பஸ்சிடிஎல் மானிட்டரை ஓடவிட்டு ஒரு மெதட்டை அழைத்து, தொடர்ந்து வரும் ப்ராப்பர்டீஸ்சேஞ்ட் சிக்னலில் என்ன மதிப்பு போகிறது என்று கண்ணால் பாருங்கள். கெட்டருக்குள்ளும் மெசேஜ்_கெட்_மெம்பர் என்ன சொல்கிறது என்று லாக் செய்யுங்கள். கெட், கெட்ஆல், கெட்மேனேஜ்ட்ஆப்ஜெக்ட்ஸ் தவிர வேறு பெயர் வந்தால் அது உண்மையான கேள்வி அல்ல. கெட்ஆலை மறந்துவிடாதீர்கள்: பஸ்சிடிஎல் இன்ட்ரோஸ்பெக்ட் உட்படப் பல கருவிகள் ஒவ்வொன்றாகக் கேட்பதில்லை, மொத்தமாகக் கேட்கும்.

கெட்டருக்குள் அந்தச் செய்தியின் ஆர்குமென்டுகளைப் படிக்கவும் முயலாதீர்கள். இன்டர்ஃபேஸ் பெயரையும் ப்ராப்பர்ட்டி பெயரையும் நூலகம் ஏற்கெனவே படித்து நகர்ந்திருக்கும், உங்களுக்கு மிச்சமிராது. அவை ஆர்குமென்டாகவே வந்திருக்கின்றன.

அறிகுறி: யூசர்டேட்டா வருகிறது, உள்ளே குப்பை

தொட்டி எண் 0 என்று வருகிறது, அல்லது -858993459 போன்ற எண் வருகிறது

விடேபிளில் ஆஃப்செட் (ஸ்ட்ரக்டின் தொடக்கத்திலிருந்து புலம் இருக்கும் தூரம்) கொடுத்திருக்கிறீர்கள். ப்ராப்பர்ட்டி வரியில் ஆஃப்செட் இருந்தால், நூலகம் தரவுச் சுட்டியோடு அதைக் கூட்டிய பிறகே கெட்டரிடம் கொடுக்கும். கெட்_கரண்ட்_யூசர்டேட்டா திருப்புவதும் அந்தக் கூட்டிய சுட்டியைத்தான். அதை முழு ஸ்ட்ரக்டின் சுட்டி என்று எண்ணி உள்ளே போனால் பக்கத்து வீட்டில் நிற்பீர்கள்.

கணக்காகப் பார்ப்போம். ஸ்ட்ரக்டில் முதலில் 4 பைட் தொட்டி எண், அடுத்து 8 பைட் டபுள் வகை வெப்பம். இடைவெளி 4 பைட் சேர்ந்து வெப்பம் 8ஆவது பைட்டில் தொடங்கும். கெட்டருக்கு வருவது அந்த 8ஆவது பைட்டின் முகவரி. அங்கே போய்த் "தொட்டி எண்" என்று 4 பைட்டைப் படித்தால் கிடைப்பது வெப்ப மதிப்பின் கீழ்ப்பாதி. வெப்பம் 24.5 பாகையாக இருந்தால் அந்தக் கீழ்ப்பாதி முழுவதும் சுழியம். தொட்டி எண் 0 என்று வரும், யாருக்கும் சந்தேகம் வராது. வெப்பம் 24.3 ஆனதும் அதே இடத்தில் -858993459 வரும். வெப்பம் மாற மாறத் தொட்டி எண் மாறினால் இந்தப் பிழைதான், வேறெதுவும் அல்ல.

தீர்வு: ஆஃப்செட்டை 0 ஆக்கிச் சொந்தமாகப் புலத்தை எடுங்கள், அல்லது ஆஃப்செட்டை வைத்துக்கொண்டு, வந்த சுட்டியைப் புலத்தின் சுட்டியாக மட்டும் பாருங்கள். இரண்டையும் ஒரே கோப்பில் கலக்காதீர்கள்.

எண் ஒழுங்கானது, ஆனால் வேறு தொட்டியின் எண்

தொட்டிகளுக்குத் தனித்தனிப் பாதை கொடுத்து, எல்லாப் பாதைகளுக்கும் பொதுவான ஒரே ஃபால்பேக் விடேபிளும், பாதைக்கு உரிய தரவைத் தேடித் தரும் கண்டுபிடிப்பு ஃபங்ஷனும் வைத்திருப்பீர்கள். அங்கே இரண்டு தரவுச் சுட்டிகள் உண்டு. பதியும்போது கொடுத்தது ஒன்று. அதை ஸ்லாட்_கெட்_யூசர்டேட்டா தரும். பாதையைப் பார்த்துக் கண்டுபிடிப்பு ஃபங்ஷன் தேர்ந்து கொடுத்தது இன்னொன்று. அதை கெட்_கரண்ட்_யூசர்டேட்டா தரும். முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதை எதிர்பார்த்தால் எப்போதும் ஒரே தொட்டிதான் வரும். இரண்டு சுட்டிகளையும் லாக்கில் எழுதி ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

எண் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறுகிறது

பதியும்போது கொடுத்தது ஒரு ஃபங்ஷனின் உள்ளூர் மாறியின் முகவரியாக இருக்கலாம். அந்த ஃபங்ஷன் திரும்பியதும் அது போய்விட்டது. ஹீப்பிலோ ஸ்டாட்டிக்காகவோ வையுங்கள்.

கையாளியின் தொடக்கத்தில் சரி, நடுவில் வெற்று

மெதட் கையாளிக்குள் எமிட்_ப்ராப்பர்டீஸ்_சேஞ்டை அழைத்த பிறகு கெட்_கரண்ட்_யூசர்டேட்டாவையும் கெட்_கரண்ட்_ஸ்லாட்டையும் கேட்டுப் பாருங்கள். பஸ் பொருளுக்குள் இவற்றுக்கு ஒவ்வோர் இடம்தான் உண்டு, அடுக்கு கிடையாது. உள்ளே ஓடிய கெட்டர் முடிந்ததும் அந்த இடம் துடைக்கப்படுகிறது, பழைய மதிப்பு திரும்ப வருவதில்லை. ஆகவே கையாளியின் முதல் வரிகளிலேயே தேவையானதை உள்ளூர் மாறிகளில் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் மெதட் கையாளிக்குச் செய்தியும் தரவும் ஆர்குமென்டாகவே வருகின்றன. அவற்றைத் துணை ஃபங்ஷன்களுக்குக் கடத்திவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

ப்ராப்பர்ட்டி கெட்டருக்குள் கெட்_கரண்ட்_ஹேண்ட்லர் வெற்றாக இருப்பது கோளாறு அல்ல. அது செய்திக் கையாளிகளின் வகையை மட்டுமே திருப்பும். கெட்டர் அந்த வகை அல்ல.

அறிகுறி: பதிலைப் பிறகு அனுப்பும்போது சரிவு, அல்லது அழைத்தவருக்குத் தவறான பதில்

தராசு நிலைபெறச் சில விநாடிகள் வேண்டும். ஆகவே மடுவத்திலிருந்து "நிறை என்ன" என்று வந்த மெதட்டுக்கு உடனே பதில் தராமல், செய்தியை வைத்துக்கொண்டு பிறகு அனுப்புவது நியாயமான வழி. மூன்று இடங்களில் தவறுகிறது.

சரிந்தால்: கெட்_கரண்ட்_மெசேஜ் தருவதும் கையாளிக்கு ஆர்குமென்டாக வருவதும் இரவல். குறிப்பெண் கூடுவதில்லை. வைத்துக்கொள்ள வேண்டுமானால் மெசேஜ்_ரெஃப் போட்டு வைத்து, பதில் அனுப்பியதும் மெசேஜ்_அன்ரெஃப் போட வேண்டும். ரெஃப் போடாமல் அன்ரெஃப் மட்டும் போட்ட நிரலும் இதே இடத்தில்தான் சரியும். செய்தியிலிருந்து எடுத்த செண்டர் ஸ்ட்ரிங்கும் செய்தியோடு சேர்ந்து அழியும். வேண்டுமானால் பிரதி எடுங்கள்.

அழைத்தவருக்கு அன்நோன்மெதட் என்று வந்தால்: கையாளி 0 திருப்பியிருக்கிறது. 0 என்றால் "நான் இதைக் கையாளவில்லை, அடுத்தவர் பார்க்கட்டும்" என்று பொருள். அடுத்தவர் யாரும் இல்லாததால் அப்படியொரு மெதட்டே இல்லை என்று நூலகம் பதில் அனுப்பிவிடுகிறது. பிறகு நீங்கள் அனுப்பும் உண்மையான பதிலைக் கேட்க அங்கே யாரும் இல்லை. பதிலைத் தள்ளிப்போட்டால் 1 திருப்புங்கள்.

அழைத்தவர் காத்துக் காத்து நோரிப்ளை பெற்றால்: எஸ்டி-பஸ்ஸில் மெதட் அழைப்பின் இயல்பான காத்திருப்பு 25 விநாடி. தராசுத் தட்டில் கூடையை ஆட்டிக்கொண்டே இருந்தால் அது போதாமல் போகலாம். அழைப்பவர் பக்கம் நேரத்தைக் கூட்டுவதைவிட, சேவை 20 விநாடியில் "இன்னும் நிலைபெறவில்லை" என்று தானே ஒரு பிழைப் பதில் தருவது மேல். கையாளிக்குள் தூங்கிக் காத்திருப்பதும், உள்ளிருந்து எஸ்டி_பஸ்_ப்ராசஸை அழைத்துச் சுழற்றப் பார்ப்பதும் வேண்டாம். பின்னது -ஈபிஸி என்றுதான் திரும்பும்.

சரிவதில்லை, ஆனால் நினைவகம் நாளுக்கு நாள் ஏறுகிறது என்றால், பிழைப் பாதை ஒன்றில் அன்ரெஃப் விட்டுப்போயிருக்கும். தராசு துண்டிக்கப்பட்டால் என்ன ஆகிறது என்ற கிளையை முதலில் பாருங்கள்.

சோதனை: -ஜி, -எஃப்சானிடைஸ்=அட்ரஸ் இரண்டையும் சேர்த்துத் தொகுத்து ஓட்டுங்கள். விடுவித்த நினைவகத்தை எந்த வரி தொட்டது, எந்த வரி விடுவித்தது என்று இரண்டையும் சொல்லும். சின்னப் பெட்டியில் அது மெதுவாகத்தான் ஓடும். முடிந்தால் உங்கள் கணினியில், போலித் தராசோடு ஓட்டுங்கள்.

பின்தடம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தைக் காட்டுகிறதா?

அப்படியானால் நிரலைத் தோண்டும் முன் மின்சாரத்தைப் பாருங்கள். ரோலரும் ட்ரையரும் ஓடத் தொடங்கும் நேரத்தோடு சரிவின் நேரம் பொருந்துகிறதா என்று ஜர்னல்சிடிஎல் நேரங்களை ஒப்பிடுங்கள். பெட்டி ராஸ்பெரி பை என்றால் விசிஜென்கமாண்ட் கெட்_த்ராட்டில்ட் போடுங்கள். 0x0 வந்தால் நல்லது. 0x50000 போல வந்தால், தொடக்கத்திலிருந்து எப்போதோ மின்னழுத்தம் குறைந்திருக்கிறது. கடைசி இலக்கத்தில் 1 அல்லது 5 இருந்தால் இப்போதே குறைந்திருக்கிறது. நல்ல மின்வழங்கியும் குட்டையான தடித்த கேபிளும் போட்டு ஒரு நாள் பாருங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால் ஸ்டோர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். அந்த வரிக்குத் தனி இணைப்பு வேண்டுமா என்பதை அவர் அளந்து சொல்வார்.

அறிகுறி: அழைத்தவர் தவறான ஆளாகத் தெரிகிறார்

மெசேஜ்_கெட்_செண்டர் தருவது :1.42 போன்ற தனிப்பெயர். கரண்ட் போய் வந்தாலோ, திரையின் நிரல் மறுபடி தொடங்கினாலோ அது :1.58 ஆகும். நேற்று எழுதி வைத்த பெயரோடு இன்று ஒப்பிட்டால் டீமேக்கருக்கே அனுமதி மறுக்கப்படும். பெட்டியே மறுபடி தொடங்கினால் எண்கள் முதலிலிருந்து வரும். நேற்று டீமேக்கருக்கு இருந்த எண் இன்று மடுவத்து நிரலுக்குக் கிடைக்கலாம். ஆகவே தனிப்பெயரைக் கோப்பில் சேமிப்பது தவறு மட்டுமல்ல, ஆபத்தும் கூட.

அடையாளத்துக்குப் பயனர் எண்ணையே பாருங்கள். க்வெரி_செண்டர்_க்ரெட்ஸுக்குச் செய்தியையும் க்ரெட்ஸ்_ஈயூஐடி கொடியையும் கொடுத்து, வந்ததிலிருந்து க்ரெட்ஸ்_கெட்_ஈயூஐடி எடுங்கள், முடிந்ததும் க்ரெட்ஸ்_அன்ரெஃப். -ஈநோடேட்டா வந்தால் அந்தக் கொடியைக் கேட்க மறந்திருக்கிறீர்கள். இந்த அழைப்பு, செய்திகளைக் கடத்தும் பஸ் தரகரிடம் போய்த் திரும்பும்வரை லூப் நிற்கும் என்பதால் ஒவ்வொரு கெட்டரிலும் போடாதீர்கள். மெதட்டில் ஒருமுறை போதும். இணைப்பு உயிரோடு இருக்கும்வரை முடிவை நினைவில் வைக்க விரும்பினால், எஸ்டி_பஸ்_ட்ராக் வழியாக அந்தப் பெயரைக் கண்காணித்து, பெயர் மறைந்ததும் முடிவையும் அழியுங்கள்.

செண்டரே வெற்றாக வந்தால் இணைப்பு தரகர் இல்லாமல் நேருக்கு நேர் போடப்பட்டது. அங்கே தனிப்பெயர் என்பதே கிடையாது.

அறிகுறி: கெட்_கரண்ட்_ஸ்லாட்டை விடுவித்ததும் சிறிது நேரத்தில் சரிவு

இதுவும் இரவல்தான். பதியும்போது ஸ்லாட் சுட்டியை வாங்கி வைத்திருந்தால் அதையே ஒருமுறை அன்ரெஃப் செய்து, மாறியை வெற்றாக்குங்கள். கரண்ட் ஸ்லாட்டைத் தனியாக அன்ரெஃப் செய்யாதீர்கள். பதியும்போது ஸ்லாட் இடத்தில் வெற்றைக் கொடுத்திருந்தால் அது மிதக்கும் ஸ்லாட், பஸ்ஸின் சொத்து. "ஒரே ஒரு சிக்னல் போதும், பிறகு கேட்காதே" என்று கால்பேக்குக்குள்ளிருந்தே அதை நீக்க வேண்டுமானால் ஒழுங்கு இது: ஸ்லாட்_ரெஃப், ஸ்லாட்_செட்_ஃப்ளோட்டிங்கில் 0, கடைசியில் ஸ்லாட்_அன்ரெஃப். செட்_ஃப்ளோட்டிங் 239ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு.

எந்த இடத்தில் நிறுத்தி வெளியே கொண்டுபோவது

மேலே சொன்ன சோதனைகளுக்குப் பிறகும் அட்ரஸ் சானிடைசர் காட்டும் இரண்டு வரிகளும் நூலகத்துக்குள்ளேயே இருந்தால், உங்கள் ஃபங்ஷன் அடுக்கில் எங்கும் இல்லாவிட்டால், அது உங்கள் பிழையாக இருக்க வாய்ப்பு குறைவு. அப்போது நூலகப் பொதியைத் தரும் லினக்ஸ் விநியோகத்தாரின் பிழைப் பதிவேட்டுக்குக் கொண்டுபோங்கள். அதே பிழை ஆகப் புதிய பதிப்பிலும் வந்தால் மட்டும் சிஸ்டம்டி திட்டத்துக்கு நேரடியாக எழுதுங்கள்.

கொண்டுபோகும்போது கையில் இருக்க வேண்டியவை: சிஸ்டம்சிடிஎல் --வெர்ஷன் தந்த முழு வரி, பெட்டி 32 பிட்டா 64 பிட்டா என்பது, பிழைத்திருத்தக் குறியீடுகளோடு எடுத்த பின்தடம், டீபக் நிலையில் ஓட்டியபோது கிடைத்த லாக்கில் சரிவுக்கு முந்திய சில நிமிடங்கள், ஒரே ஒரு ப்ராப்பர்ட்டியும் ஒரே ஒரு டைமரும் கொண்ட, நூறு வரிக்குள் அடங்கும் சின்ன நிரல். தொட்டி, தராசு, தோட்டத்தின் பெயர் எதுவும் அந்தச் சின்ன நிரலில் வேண்டாம். லாக்கை அனுப்பும் முன் அதில் தொழிலாளர் பெயரோ கொழுந்து நிறையோ போகிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். டீபக் நிலையில் பஸ் செய்திகளின் விவரங்களும் அதில் சேர்ந்துவிடும். எல்லாம் அனுப்பிய பிறகு லாக் நிலையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, சேவை தொட்டிகளைச் சரியாகப் படிக்கிறதா என்று பார்த்த பின்பே விசிறிகளைத் தானியங்கி நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள்.